படிக்க மட்டும்

திருநெல்வேலி டவுண்
2-2-1997

சிரஞ்சீவி பாலுவுக்கு அம்மா எழுதுகிறேன்.

நானும் உன் தங்கையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். என் இடது முழங்கால் மார்கழி முழுக்கச் சண்டித்தனம் செய்தது. தை பிறந்ததும் வழிக்கு வந்துவிட்டது. நீயும் மருமகள் விஜயஸ்ரீயும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை. தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்தேன். உனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது.

சித்ரா வேலை பார்க்கும் பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஒரு சங்கடம். நவம்பர் தேர்வில் தோற்ற நான்கு மாணவர்களுக்கு, கம்ப்யூட்டரில் தேர்ச்சி மதிப்பெண் ஏறியிருக்கிறது. விடைத்தாளில் ஒரு எண், கம்ப்யூட்டரில் வேறொரு எண். சான்றிதழ் அச்சாகும்போதுதான் கவனித்திருக்கிறார்கள். மதிப்பெண் கோப்பில் எழுதுவதற்கான கடவுச்சொல் தேர்வுப் பிரிவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மாணவர்கள் படிக்க மட்டும் முடியும். நோட்டீஸ் போர்டு முன்னால் முண்டியடிக்க வேண்டாம் என்று அவளே செய்த ஏற்பாடு அது. இப்போது எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள்.

போன ஆடியில் நீ லீவில் வந்தபோது அமெரிக்காவிலிருந்து உன் கம்பெனி சிஸ்டத்தை டேப்பில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தாயே, அதே கம்ப்யூட்டர்தான். பிரின்சிபால் உனக்கு மாலை போட்ட படம் அந்த அறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

நேற்று அவளை உட்காரவைத்து, "நீ செஞ்சியா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். இரண்டாம் தடவை கேட்பது எனக்கும் அழகில்லை, அவளுக்கும் அழகில்லை.

உனக்கென்று ஒரு தாளை அவள் மடித்துக் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். உறையில் போடும்போது முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. "ஓப்பன்" என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் "மார்க்ஸ் 96" என்று இருந்தது. உனக்கு எழுதியதை நான் படிப்பது முறையல்ல என்பதால் அதற்குக் கீழே பார்க்கவில்லை.

போன் செய்யாதே. எதிர்வீட்டுக்கு நீ கூப்பிட்டால் அவர்கள் டி.வி.யை நிறுத்திவிட்டு நம் பேச்சைக் கேட்கிறார்கள்.

வெந்நீரில் குளி. விஜயஸ்ரீக்கு என் ஆசி.

அம்மா,
ஆவுடைத்தாய்

*

சான் ஹோசே
17-2-1997

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். இங்கே நீ நினைக்கிற அளவுக்குக் குளிர் இல்லை. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறோம். ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறோம். தேதி போட்டிருக்கிறேன், பார்.

சித்ராவின் விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல். அவள் அனுப்பிய தாள் கிடைத்தது. நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அந்தத் தாளில் உள்ளதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடு. மறக்காமல் சொல்.

வேலை கொஞ்சம் கூடிவிட்டது. சனிக்கிழமையும் போகிறேன்.

அன்புடன்,
பாலு

*

திருநெல்வேலி டவுண்
9-3-1997

அன்புள்ள பாலு,

உன் கடிதம் பதினோரு நாளில் வந்தது. இருவரும் நலம் என்றறிந்து நிம்மதி. நீ சொன்னதைச் சித்ராவிடம் சொன்னேன். "யாருக்கும் காட்டக் கூடாதாமா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பிரின்சிபால் தில்லைநாயகம் வீட்டுக்கே வந்திருந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மழையைப் பற்றியும் அணையைப் பற்றியும் பேசினார். நான் காத்திருந்தேன்.

"எம்மா, தப்பா நெனைக்கப்படாது" என்று ஆரம்பித்தார். "மெஷின்லயே ஏதும் கோளாறு இருக்குமோன்னு சித்ரா ஒரு நாள் சொன்னா. ஏத்திக் குடுத்தது உங்க மகன். அதான், விசாரணைக் குழு போடுததுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

"அவன் கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு வந்தப்ப, மீதி ரெண்டு எங்கன்னு கேட்டவ நான்" என்றேன். "அவன் செஞ்சதுல கோளாறு இருக்குமான்னு என்கிட்டயா கேக்குதிய?"

அவர் சிரித்துவிட்டார். "உங்கள எதுத்துப் பேச முடியுமா? இதயே ரெண்டு வரி எழுதிக் குடுத்தா ஃபைல்ல வச்சிருவேன்" என்றார்.

அப்போதே எழுதிக் கொடுத்தேன். கான்வென்ட்டில் பழகிய கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை. "இந்த இயந்திரத்தின் உட்பகுதியை உருவாக்கியவர்களில் ஒருவன் என் மகன். அவன் வேலையில் பிழை இராது என்பதற்கு அவனை வளர்த்த நான் பொறுப்பு" என்று ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம். கோளாறு இருந்தால் உலகம் முழுக்க அல்லவா மார்க் மாறியிருக்கும்? பாளையங்கோட்டையில் நாலு தறுதலைகளுக்கு மட்டுமா மாறும்? கடவுச்சொல்லை யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒழுங்காக விசாரித்தால் ஆள் அகப்படுவான்.

நகலைச் சித்ராவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "எழுத்து அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமையும் உழைப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஒரு நாளாவது ஓய்வெடு.

அம்மா,
ஆவுடைத்தாய்

*

சான் ஹோசே
1-4-1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் நலமும் சித்ராவின் நலமும் எழுதவும். விஜயஸ்ரீக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது.

நீ கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா? உன்மேல் தவறு இல்லை. மனிதர் செய்யும் எந்தப் பொருளைப் பற்றியும் அப்படி உறுதி கொடுக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்து எழுதியிருக்கலாம்.

விசாரணை எப்போது என்று தெரிந்தால் எழுது. முடிந்தால் ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல். சித்ராவுக்குத் தனியாக எழுத நினைத்தேன். நேரம் கிடைக்கவில்லை.

அன்புடன்,
பாலு

*

திருநெல்வேலி டவுண்
14-4-1997

பாலுவுக்கு,

வருஷப் பிறப்பு ஆசிகள். விஜயஸ்ரீ கஷாயம் குடித்தாளா? மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள்.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. அறுபத்தொன்பது வயதில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடு என்று நான் ஒரு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டுமா? உன் அப்பா தாசில்தாராக இருந்த காலத்தில் ஒரு உத்தரவைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. எதற்காக வாங்க வேண்டும் என்று நீ ஒரு காரணமும் எழுதவில்லை. "பொதுவாக" என்கிறாய். பொதுவாக எனக்கும் நிறையத் தெரியும்.

விசாரணை இம்மாதம் 28ஆம் தேதி. அவர்கள் ஜூலை வரை காத்திருக்க நாம் யார்? சித்ரா சரியாகச் சாப்பிடுவதில்லை. பதினோரு வருஷ வேலை. அவள் வேறெதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

நான் கேட்பதற்கு ஒரே சொல்லில் பதில் எழுது. கடவுச்சொல் தெரியாத ஒருவன் அந்த மதிப்பெண்ணை மாற்றியிருக்க முடியுமா, முடியாதா?

அம்மா,
ஆவுடைத்தாய்

*

சான் ஹோசே
27-4-1997

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நாளை விசாரணை. இங்கே மணி பார்த்தேன். உங்களுக்கு ஏற்கெனவே பொழுது விடிந்திருக்கும்.

நீ கேட்ட ஒரு சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை. வெளியே பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் எங்கள் குழுவின் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பிடிவாதத்தால் அல்ல. நான் இப்போது வாயைத் திறந்தால் கெடப்போவது ஒரு கல்லூரி மட்டுமில்லை. எங்கள் சிஸ்டத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரிகள் ஓடுகின்றன, ரயில்கள் ஓடுகின்றன. ஒரு வேலையை முடித்த பிறகுதான் பேசலாம். முடித்துவிட்டோம் என்று மார்ச்சில் நினைத்தோம். போட்டுப் பார்த்தபோது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்களும் சேர்ந்து நின்றுபோயின. மறுபடி முதலிலிருந்து செய்கிறோம்.

எதிர்வீட்டு எண்ணை இரண்டு தடவை சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். என்ன சொல்வேன்?

சித்ராவைச் சாப்பிடச் சொல்.

பாலு

*

திருநெல்வேலி டவுண்
12-5-1997

பாலுவுக்கு,

நலம் விசாரித்து எழுத மனமில்லை. நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது.

28ஆம் தேதி நானும் கல்லூரிக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அட்டெண்டர் மந்திரமூர்த்தி ஃபேனைப் போட்டுவிட்டு, "அக்கா ஒரு தப்பும் பண்ணிருக்க மாட்டாவ எம்மா. பரீட்சைத் தாள் கட்டுத சணல்ல ஒரு முழம் கேட்டதுக்கே என்னைய ஏசுனவுக" என்றான். இருபது நிமிஷத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள். கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள்.

"என்ன கேட்டாவ?"

"நீங்க எழுதினத வாசிச்சாவ. பெறவு, நீ ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்கம்மா."

இயந்திரத்தில் பிழை இல்லை, கடவுச்சொல் அவளிடம் மட்டும், ஆகவே அவள். இதுதான் குழுவின் அறிக்கை. நீக்காமல், தானே விலகுவதாக எழுதிக்கொடுக்க அனுமதித்தார்களாம். அதைப் பெரிய உபகாரமாகத் தில்லைநாயகம் என்னிடம் சொன்னார். தேர்த் தெருவில் துணிக் கடைக்காரர் மனைவி, "மக வேலைய விட்டுட்டாளாமே, கல்யாணம் ஏதும் முடிஞ்சிருக்கா?" என்று கேட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

சித்ரா நேற்று குலசேகரன்பட்டினத்துக்குப் போய்விட்டாள். அவளோடு படித்த ஷரீபா பீவி அங்கே தட்டச்சுப் பள்ளி நடத்துகிறாள். அங்கேயே ஒரு அறை. அவளுடைய அலமாரியில் சேலைகள் அப்படியே இருக்கின்றன.

நான் எழுதிக் கொடுத்தது உண்மைதானே, பாலு?

அம்மா

*

சான் ஹோசே
10-7-1997

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிப்பதற்கு மேல் பேனா நகரவில்லை. இப்போது எழுதலாம். மூன்று நாட்களுக்கு முன் கம்பெனி அறிவிப்பு வெளியிட்டுவிட்டது.

நீ எழுதிக் கொடுத்தது உண்மையல்ல அம்மா. கடவுச்சொல் இல்லாமலே மாற்றலாம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுவில் கர்னல் என்று ஒரு பகுதி உண்டு. யாருக்கு எது என்று முடிவு செய்வது அதுதான். ஒருவர் கோப்பைத் திறக்கும்போது, படிக்கவா எழுதவா என்று அது பார்க்கும். மாணவர் என்றால் படிக்க மட்டும் விடும். அதுவரை சரி. திறந்த கோப்பை நினைவகத்தில் அப்படியே விரித்து வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்வையிட மட்டும் வாங்கி மேசைமேல் விரிக்கிறோம் என்று வைத்துக்கொள். வாசலில் இருந்தவர் அனுமதியைப் பார்த்துத்தான் கொடுத்தார். சற்றுக் கழித்து, உள்ளே இருக்கும் வேறொருவரிடம் பேனா கேட்கிறோம். வாசலில் கிடைத்த அனுமதி என்ன என்று விசாரிக்காமல் அவர் பேனாவைக் கொடுத்துவிடுகிறார். விரித்த பக்கத்தில் எழுதியது மூலப் புத்தகத்திலேயே ஏறிவிடும். எழுதியது யார் என்று எங்கும் பதிவாகாது. கோப்பின் தேதிகூட மாறாது.

பேனா கேட்கும்போது பழைய அனுமதியைப் பார்க்க வேண்டும் என்பது ஒரே ஒரு வரி. 1993இல், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், அந்த வரியை எழுதாமல் விட்டவன் நான். தொண்ணூற்றெட்டு என்றாயே, அதில் விட்டுப்போன இரண்டு இதுதான்.

திருத்தம் உள்ள டேப்பைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். அறிவிப்பின் இரண்டு பிரதிகள் இத்துடன் இருக்கின்றன. ஒன்றைத் தில்லைநாயகத்திடம் காட்டு. ஒன்றைச் சித்ராவுக்கு அனுப்பு.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பாலு

*

குலசேகரன்பட்டினம்
29-7-1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஷரீபாவும் அவள் உம்மாவும் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே கடல். தட்டச்சு மெஷினில் உப்பு பிடிக்காமல் துடைப்பதே பாதி வேலை. மதினிக்கு என் அன்பைச் சொல்.

அம்மா அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். "எங்கள் உள்சோதனையில் கண்டுபிடிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது.

பிப்ரவரியில் நான் அனுப்பிய தாளில் ஆறு வரிகள் இருந்தன. நீ விட்டுப்போன கையேட்டை வைத்துக்கொண்டு, மாணவர் கணக்கில் நுழைந்து, மூன்று வாரம் முட்டிமோதி எழுதிய வரிகள். அவற்றை ஓட்டினால் படிக்க மட்டும் விட்டிருக்கும் கோப்பு மாறும் என்று கீழே குறிப்பும் எழுதியிருந்தேன். அது உன் கைக்கு வந்தது என்பதற்கு நீ அம்மாவுக்கு எழுதிய கடிதமே சாட்சி. யாருக்கும் காட்ட வேண்டாம் என்றாய். உனக்குக் காரணம் இருக்கும் என்று இருந்தேன். இன்று அந்தக் காரணம் புரிகிறது. தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் விசாரணை அன்று இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டுதான் போனேன். காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கைப்பையைத் திறக்கும் நேரத்தில் அம்மாவின் கடிதத்தை வாசித்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். தன் கடிதம் வாசிக்கப்படுவது கேட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தத் தாளை எப்படி நீட்டுவது?

அம்மாவிடம் இதையெல்லாம் எழுதிவிடாதே. அந்தத் தாள் என்னவென்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்ரலேகா

*

திருநெல்வேலி டவுண்
20-8-1997

பாலுவுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். முழங்கால் நடக்க விடுகிறது. அது போதும்.

உன் கடிதத்தையும் அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு தில்லைநாயகத்தைப் பார்க்கப் போனேன். என் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகப் புதிதாக ஒன்று எழுதியும் கொண்டுபோனேன். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து அந்த ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாசிச்சுப் பாருங்க எம்மா, தடையில்ல. ஆனா இதுல இனி ஒண்ணும் சேக்க முடியாது. குழுவக் கலைச்சாச்சு. முடிஞ்ச ஃபைல்."

என் கையெழுத்தை நானே வாசித்தேன். ஒரு எழுத்தும் சாயவில்லை.

எழுந்தபோது அவர் தயங்கினார். டேப் வந்து மூன்று வாரமாக மேசையில் கிடக்கிறதாம். மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தும் ஏற்றத் தெரியவில்லையாம். "சித்ரா ஒரு நாள் மட்டும் வந்து..." என்றார். திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிய வாயாலா கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மறைக்காமல் அவளுக்கு எழுதினேன். வருகிறேன் என்று பதில் போட்டாள். "பரீட்சை வருதுல்லாம்மா, மறுபடி எவனாவது மாத்துவான்" என்று எழுதியிருந்தாள்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை வந்தாள். இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். மந்திரமூர்த்தி, "மதுரைக்காரர் ரெண்டு நாளா அந்தப் பெட்டியக் கெஞ்சிப் பாத்தாரு. அக்கா கைக்குத்தான் அது வாயத் தெறக்கும் போலுக்கு" என்றான். அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று.

டேப்பைப் போடும் முன் பிரின்சிபாலை அழைத்து, "சார், இத ஒரு தடவை பாத்துக்கோங்க" என்றாள். ஒரு வெற்றுக் கோப்பில் முப்பத்தொன்று என்று எழுதிப் பூட்டினாள். மாணவர் கணக்கில் நுழைந்து, எதையும் பார்க்காமல், ஆறு வரிகளை அடித்தாள். முப்பத்தொன்று எண்பத்தொன்றாக மாறியது. பிறகு உன் டேப்பை ஏற்றினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுபடி அதே ஆறு வரிகள். "அனுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் வந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அப்போதும் அதுவே வந்தது.

தில்லைநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ, அந்த நாலு பேர்ல யாரு மாத்துனான்னு காட்ட முடியுமா?"

"முடியாது சார். தடம் இருக்காது."

"அப்போ நீ மாத்தலன்னும் காட்ட முடியாதுல்லா?"

"முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, அவள் நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தாள்.

பாலு, அவள் அடித்த ஆறு வரிகளில் முதல் வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். "ஓப்பன்" என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் "மார்க்ஸ்". எண் மட்டும் வேறு. பிப்ரவரியில் என் கையாலேயே உறையில் போட்டு, என் நாக்கால் ஒட்டி உனக்கு அனுப்பியது அது. அவள் என்னிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். வண்டி நகரும்போது, "அம்மா, வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க" என்றாள்.

அறிவிப்பில் அவள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று உன் கம்பெனியில் கேள். முடியாது என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேள்.

அந்தத் தாள் உன்னிடம் இன்னும் இருந்தால் எனக்கு அனுப்பி வை. ஒன்றும் புரியாது என்று தெரியும். முதல் வரிக்குக் கீழே இருப்பதையும் நான் படிக்க வேண்டும்.

அம்மா